தாத்தா பெட்டியில் இருந்த கோப்பை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. பாம்பனில் எல்லாரும் சுகம். வாடைக்காற்று தொடங்கிவிட்டது.

தாத்தாவின் தகரப்பெட்டியில் ஒரு விளையாட்டுக் கோப்பை கிடந்தது என்று போனில் சொன்னேனே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் பாதி விட்டுப்போகிறது.

ஒரு சாண் உயரம், இரண்டு பக்கமும் காது. மூடியின் மேல் பந்தை உதைக்கக் காலைத் தூக்கிய ஆள். அந்தப் பாதம் முறிந்திருக்கிறது. அடியில் இ.பி.என்.எஸ். என்று முத்திரை. அப்படியென்றால் வெள்ளி இல்லை, வெள்ளி முலாம். வெட்டிய எழுத்தெல்லாம் தேய்ந்து விரலுக்கு மட்டும்தான் தட்டுப்படுகிறது. மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கப் பிடித்துத் தேய்த்தேன். ஊர்ப்பெயர் போய்விட்டது, 'எஸ்டேட்' மட்டும் நிற்கிறது. அதன் கீழே 'சிலோன்'. அப்புறம் 195, கடைசி எண் இல்லை.

கோபாலன் கோப்பைக்கு ஆட வந்த சிலோன்காரர்கள் கப்பலோடு இணைந்து ஓடிய போட் மெயில் ரயிலில் விட்டுப்போனது என்று உன் மாமா ஊரெல்லாம் சொல்கிறார். 1950-களில் மெட்ராஸும் சிலோனும் அந்தக் கோப்பைக்கு ஆடியது உண்மைதான். ஆனால் அது கிரிக்கெட், இது கால்பந்து. பெரிய பெயரோடு முடிச்சுப் போட எனக்கு மனம் ஒப்பவில்லை.

யோசித்துப் பார். 1964 டிசம்பர் புயலில் தாத்தா தனுஷ்கோடியிலிருந்து கட்டிய துணியோடு வந்தவர். அதற்கு முந்தைய சாமான் ஒன்றுகூட நம் வீட்டில் கிடையாது. ஆக, இது புயலுக்குப் பிறகு அவர் கைக்கு வந்தது. அப்போது ராமேஸ்வரம் துறையில் சுமை தூக்கினார். தலைமன்னார் கப்பலில் வந்து இறங்கியவர்கள் யார்? இலங்கையும் இந்தியாவும் 1964-ல் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் திருப்பி அனுப்பப்பட்ட இலங்கை மலையகத் தோட்டத்துச் சனங்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று காகிதத்தில் எழுதிவிட்டார்கள். பிறந்த மண்ணை விட்டு, கண்ணால் பார்த்திராத ஊருக்கு வந்தவர்கள் மூட்டையும் பிள்ளையுமாக மண்டபம் முகாமுக்குப் போனதைச் சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர்தான் இதைக் கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்க வேண்டும். சட்டி பானையை விட்டுவந்தவர் இதை விடவில்லை.

கூலிக்குப் பதிலாகக் கொடுத்தாரா, பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று ஒப்படைத்தாரா? தாத்தா இதை விற்கவில்லை, அலமாரியிலும் வைக்கவில்லை. துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். அதனால் ஒப்படைத்ததுதான் என்று எனக்குப் படுகிறது.

நீ கூடலூரில் இருப்பதால் உன்னிடம் கேட்கிறேன். 1968-ல் அங்கே அரசு தேயிலைத் தோட்டம் போட்டதே இவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். எந்தத் தோட்டத்தில் பந்து ஆடினார்கள், யார் வீட்டுக் கோப்பை காணாமல் போனது என்று பெரியவர்களிடம் விசாரி.

படத்தைத் தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்புவான். இடது காது ஒருமுறை உடைந்து ஈயப்பற்று வைத்திருக்கிறது. அது தெரியாதபடிதான் படம் எடுக்கச் சொன்னேன். நீயும் வாய் திறக்காதே. கேட்காமலே யார் அதைச் சொல்கிறார்களோ, கோப்பை அவர்களுடையது. புளி போட்டு விளக்க வேண்டாம் என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், மிச்ச எழுத்தும் போய்விடும். விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார், அனுப்பிவிட்டேன்.

முதலில் சேரம்பாடிப் பக்கம் போ தாயீ. உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தாத்தா பாட்டியிடம் ஆரம்பி. ஆள் தெரிந்தால் உடனே சொல், நானே கொண்டுவந்து கொடுக்கிறேன்.

அன்புடன்,
அப்பா