எஸ்.எஸ். எப்படி வெடிக்கும் என்று கேட்டீர்களே

டேண்டினாங், மெல்பர்ன்
ஆடி 7

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப் பொடி தீர்ந்து பத்து நாளாகிறது. இதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம், உடனே பார்சல் கட்ட உட்கார்ந்துவிடுவார். இங்கே குளிர் உச்சத்தில் இருக்கிறது. காலையில் பட்டறை ஷட்டரைத் தூக்கினால் இரும்பு கையைக் கடிக்கிறது. அங்கே ஆடிக் காற்று எப்படி? போன வருடம் மாதிரி தகரம் பறக்காமல் ஜே போல்ட்டை எல்லாம் ஒருமுறை முடுக்கிவிடுங்கள்.

ஒரு வண்டியின் எஸ்.எஸ். மெனிஃபோல்ட், அதான் இன்ஜின் புகையை வாங்குகிற குழாய், விரிசல் விட்டுவிட்டது என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னேன். அதற்கு நீங்கள் கேட்டதற்குப் பாதி பதில் சொல்லிவிட்டு ஓடிவிட்டேன். "ஏங்கண்ணு, எஸ்.எஸ்.ல பண்ணுனது எப்பிடி வெடிக்கும்? சி.ஐ.தான வெடிக்கும்?" என்றீர்கள். எஸ்.எஸ். என்கிற எவர்சில்வர் விரிசல் விடாது, சி.ஐ. என்கிற வார்ப்பிரும்புதான் விடும் என்பது உங்கள் கணக்கு. அன்றிலிருந்து அந்தக் கேள்வி மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. எழுதினால்தான் எனக்கு ஒழுங்காகச் சொல்ல வரும்.

வண்டி நிசான் சில்வியா எஸ்15. இந்த நாட்டில் 200எஸ்எக்ஸ் என்ற பெயரில் 2002 வரை விற்றார்கள். இரண்டு லிட்டர், நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், டர்போ வைத்தது. ஓட்டுகிற பையனுக்கு இருபத்திரண்டு வயது, சூப்பர் மார்க்கெட்டில் ராத்திரி ஷிப்டில் அலமாரி அடுக்குகிறான். சம்பளம் முழுக்க அந்த வண்டிக்குத்தான். போன வருடம் வண்டியோடு வந்த கம்பெனி மெனிஃபோல்டைக் கழற்றி வைத்துவிட்டு, 300 டாலருக்கு ஆன்லைனில் ஒரு எஸ்.எஸ். மெனிஃபோல்ட் வாங்கி மாட்டினான். பாத்திரக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம், அப்படி மின்னும். பதினொரு மாதம்தான். நடுவில் வின்டன் ரேஸ் டிராக்குக்கு இரண்டு முறை போய்வந்திருக்கிறான்.

காலையில் ஸ்டார்ட் செய்தால் தையல் மிஷின் மாதிரி டிக் டிக் என்று சத்தம். ஐந்து நிமிடத்தில் அது அடங்கிவிடும். "சூடானா சரியாயிடுது, அப்புறம் என்ன?" என்று பையன் மூன்று மாதம் ஓட்டியிருக்கிறான். இரும்பு சூட்டில் உப்பி விரிசலை மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான். சரியானதாக அர்த்தமில்லை. பூஸ்ட், அதான் டர்போ தள்ளுகிற காற்றழுத்தம், தாமதமாக வருகிறது என்பதற்காகத்தான் கடைசியில் எங்களிடம் கொண்டுவந்தான்.

லேலண்ட் லாரியில் டர்போ பார்த்திருக்கிறீர்கள். புகை வெளியேறுகிற வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றும், அதே தண்டில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும். வித்தியாசம் சூட்டில்தான். டீசலை விடப் பெட்ரோல் புகை சூடு அதிகம். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் 900 டிகிரியைத் தாண்டும். நாலு சிலிண்டரின் புகையையும் வாங்கி ஒரே வாயில் டர்போவுக்குள் அனுப்புவது மெனிஃபோல்ட். ஆறேழு கிலோ டர்போவும் அதன் மேலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. செக்கச்செவேலென்று இருக்கும்போது, இன்ஜின் அதிர்கிறபோது, அந்தப் பாரத்தையும் அதுவே சுமக்க வேண்டும்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். ஒரு அடி நீளக் குழாய், 700 டிகிரி சூடு ஏறுகிறது என்று வையுங்கள். எம்.எஸ்., அதாவது சாதா இரும்பு என்றால் ஒரு நூலுக்கு (கால் அங்குலத்தில் பாதி) கொஞ்சம் குறைவாக நீளும். எஸ்.எஸ். 304 ஒரு நூலைத் தாண்டி, ஏறக்குறைய 3.7 மி.மீ. நீளும். ஆனால் அது போல்ட் போட்டு இறுக்கியிருக்கிற அலுமினிய ஹெட்டுக்குள் தண்ணீர் ஓடுகிறது. அது 100 டிகிரி பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கம் நீள வேண்டும், மறுபக்கம் விடமாட்டேன் என்கிறது. பையன் வண்டியை நிறுத்தினால் திரும்பச் சுருங்க வேண்டும். இந்த ஊர்க் குளிரில் தினம் இரண்டு முறை இந்த இழுபறி. எஸ்.எஸ். துருப்பிடிக்காமல் நிற்கும், சரி. ஆனால் இப்படி இழுத்து இழுத்து விட்டால் அது களைத்துவிடும், அப்பா. கம்பியை மடக்கி நிமிர்த்தி மடக்கி நிமிர்த்தி ஒடிப்பீர்களே, அதுதான்.

கழற்றியதும் பார்த்தேன். இரண்டாம் குழாயும் மூன்றாம் குழாயும் சேருகிற இடத்தில், வெல்டிங் ஓரமாகவே, கண்ணுக்கு மை இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. கைவிரலால் தடவினால் தெரியாது, நகம் மாட்டும். வெளியே ஆர்கான் வெல்டிங் அவ்வளவு அழகு, காசு அடுக்கி வைத்தாற்போல் வரிசை. கிரைண்டரில் பிளந்து உள்ளே பார்த்தபோதுதான் வேலை புரிந்தது. கருப்பட்டிப் பாகு கருகிப் பொங்கினால் எப்படி இருக்கும், அப்படிப் பொருக்கு பொருக்காக இருந்தது. காற்றுப் படாமல் காக்க வெளியிலிருந்து ஆர்கான் கேஸ் அடித்திருக்கிறார்கள், குழாய்க்குள் அடிக்கவில்லை. உள்பக்கம் காற்றுப்பட்டு வெந்துபோயிருக்கிறது. குழாய்க்குள்ளும் ஆர்கானை நிரப்பிவிட்டு அடித்தால் இது வராது. ஆனால் அதற்கு நேரமும் ஆகும், கேஸும் செலவாகும். 300 டாலர் சாமானில் அந்த நேரத்தை யார் போடுவார்கள்? பொருக்கிலிருந்துதான் விரிசல் கிளம்பியிருந்தது.

இன்னும் ஒன்று. 304-ஐ 450 டிகிரியிலிருந்து 850 டிகிரிக்குள் ரொம்ப நேரம் வைத்திருந்தால், உள்ளே இருக்கும் கார்பன் குரோமியத்தைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். துரு வராமல் காக்கிறதே குரோமியம்தான். அது போனால் அந்த இடம் பலவீனம். மெனிஃபோல்டோ வண்டியை மிதித்து ஓட்டுகிற நேரமெல்லாம் அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. இதற்காகவே டைட்டானியம் கலந்த 321 என்று ஒரு கிரேடு உண்டு, விலை கூட. மலிவுச் சாமானில் 304 என்று எழுதியிருந்தாலும் 304தானா என்று எனக்குச் சந்தேகம்தான். நம் ஊரில் மலிவான 202 கிரேடு தட்டை 304 என்று தலையில் கட்டுவதில்லையா?

குழாய் கனத்தை வெர்னியரில் பார்த்தேன், 1.5 மி.மீ. ஹெட்டோடு போல்ட் போட்டு இறுக்குகிற தட்டையான பிளாஞ்ச் 8 மி.மீ.தான், அதுவும் வளைந்திருந்தது. ஸ்கேல் வைத்துப் பார்த்தால் நடுவில் வெளிச்சம் தெரிகிறது. வெல்டிங் முடித்தபின் மில்லிங்கில் ஒரு கட் எடுத்திருந்தால் சரியாகியிருக்கும். பேக்கிங் எரிந்து ஒரு பக்கம் காணாமலே போய்விட்டது. ஸ்டட் போல்ட்டும் இரண்டு ஒடிந்திருந்தன. அவற்றை ஹெட்டிலிருந்து எடுக்க எனக்கு அரை நாள் ஆனது. அந்தக் கூலியையும் சேர்த்தால் மெனிஃபோல்ட் விலையைத் தாண்டிவிட்டது.

எங்கள் முதலாளி கிரேக்கத்துப் பெரியவர். மெனிஃபோல்டைக் கையால் செய்யச் சொன்னால் 'ஸ்டீம் பைப்' எல்போக்களை, அதாவது வளைந்த கனமான குழாய்த் துண்டுகளை வாங்கித்தான் செய்வார். சுவர் 2.77 மி.மீ. கனம். பிளாஞ்ச் 12 மி.மீ. டர்போவுக்கு இன்ஜின் பிளாக்கிலிருந்து தனியாக ஒரு முட்டு. பிளாஞ்சில் ஓரத்து போல்ட் ஓட்டைகளைக் கொஞ்சம் நீட்டி விடுவார், நீளுகிற இரும்புக்கு ஓட இடம் வேண்டுமே. பளபளப்பே இருக்காது, வீட்டுக் குழாய் வேலை மாதிரி இருக்கும். அவர் கேட்கிற காசைப் பார்த்ததும் இந்தப் பையன்கள் எல்லாம் போனை எடுத்து ஆன்லைனில் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். (டீ இடைவேளையை இங்கே ஸ்மோக்கோ என்பார்கள். யாரும் புகைப்பதில்லை. எங்கள் பட்டறையில் ஸ்மோக்கோ முழுக்க இந்தப் புலம்பல்தான்.)

மலிவெல்லாம் மோசம் என்று நான் சொல்லவரவில்லை. காஸ்டிங்கிலும், அதாவது வார்த்த மெனிஃபோல்டிலும் மலிவு உண்டு. கட்டை குட்டையாக, அசிங்கமாக இருக்கும். அதில் மணல் ஓட்டை இருக்கும், உள் அச்சான கோர் நகர்ந்து ஒரு பக்கச் சுவர் மெலிந்திருக்கும், அதெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சாதாரணமாக ஓட்டுகிற வண்டியில் மின்னுகிற குழாயைவிட அதுதான் அதிக நாள் தாங்குவதை இங்கே பார்த்துவிட்டேன். கனம் இருக்கிறது, வெல்டிங்கே இல்லை. நீங்கள் சொன்னதில் பாதி சரி. சி.ஐ. வெடிக்கும்தான். ஆனால் கார் கம்பெனிகள் இதற்கென்று எஸ்.ஜி. அயர்ன் என்கிற, சி.ஐ. மாதிரி லேசில் வெடிக்காத வார்ப்பிரும்பில் சிலிக்கானைக் கூட்டி, மாலிப்டினம் கலந்து வார்க்கிறார்கள். அது சூட்டில் ரொம்ப நாள் நிற்கும்.

அதனால் பையனிடம் பழைய கம்பெனி மெனிஃபோல்டையே எடுத்துவரச் சொன்னேன். வீட்டு ஷெட்டில் பெயின்ட் டப்பாவுக்குக் கீழே கிடந்ததாம். இருபது வருடத்துக்கு மேல் ஆன சாமான், விரிசல் ஒன்றுகூட இல்லை. ஹெட்டில் உட்காருகிற அதன் முகத்தில் மில்லிங்கில் ஒரு கட் எடுத்து, புது ஸ்டட் போட்டு மாட்டிவிட்டேன். பானட்டைத் திறந்து பார்த்துவிட்டுப் பையன் முகம் சுருங்கிப்போனது. மின்னவில்லையாம்.

பிளந்த துண்டு ஒன்றை உங்களுக்கு அனுப்புகிறேன். கூட வேலை செய்யும் சிங்காநல்லூர்க்காரர் ஆவணியில் தங்கை கல்யாணத்துக்கு வருகிறார். ஏர்போர்ட்டில் கேள்வி கேட்பார்கள் என்று பயப்படுகிறார், பெரிய பெட்டியில் போட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். ஆவாரம்பாளையம் பட்டறைக்கே கொண்டுவந்து தருவார். டீ வாங்கிக் கொடுங்கள். உள்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்.

எனக்கு ஒரு உதவி வேண்டும். அடுத்த வாரம் ஒரு ஃபோர்டு ஃபால்கன் டர்போ கார் வருகிறது, அதன் காஸ்டிங் மெனிஃபோல்டில் விரிசல். புதிது கிடைக்கத் தாமதமாகும், நிக்கல் வெல்டிங் ராடு வைத்து அடித்துப் பார்க்கலாமா என்று முதலாளி என்னைக் கேட்டார். பம்ப் கேசிங் வெடித்து வந்தால் நீங்கள் கரி அடுப்பில் சூடேற்றி அடித்துவிட்டுச் சாம்பலில் புதைத்து வைப்பீர்களே, அது ஞாபகம் வந்து சரி என்று சொல்லிவிட்டேன். அடிப்பதற்கு முன் எவ்வளவு நேரம் அடுப்பில் விடுவீர்கள்? வெறும் சாம்பலா, சுண்ணாம்பும் கலப்பீர்களா? விடிய விடியப் புதைத்து வைத்தது எனக்கு நினைவிருக்கிறது, மற்றது மறந்துவிட்டது. ஞாயிறு சாயங்காலம் உங்கள் ஐந்து மணிக்குக் கூப்பிடுகிறேன், இங்கே ஒன்பதரை. அதற்குள் யோசித்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்