ஒழுகுவது எங்கே என்று எஸ்டிமேட்டில் எழுதட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடினால் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தைப் பற்றித்தான் புலம்புகிறோம். 15 ஆண்டு முடிந்து 20 ஆண்டைத் தாண்டாத காருக்கு 2022 ஏப்ரல் முதல் அது 5,000 ரூபாய். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருகிற செலவு, போகட்டும். டீலரின் ஒர்க்ஷாப்பில் கையில் தருகிற எஸ்டிமேட் அதைப்போல எட்டு மடங்கு இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

என்னுடையது 2012-இல் பதிவான சின்ன பெட்ரோல் கார். அடுத்த ஆண்டு 15 நிறைகிறது. வாசலில் ஆயில் கறை பட ஆரம்பித்ததும் திருச்சியில் உள்ள டீலரின் ஒர்க்ஷாப்பில் விட்டேன். மாலையில் 41,300 ரூபாய்க்கு எஸ்டிமேட் வந்தது. கிராங்க் என்கிற சுழல் தண்டின் பின்பக்கம் ஆயில் கசியாமல் தடுக்கும் சீல், முன்பக்க சீல், இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றி மாட்டுவது, டேப்பட் கவர் பேக்கிங், கிளட்ச் செட், இன்ஜின் மவுண்டிங், புது ஆயில், ஃபில்டர் என்று வரிசையாக இருந்தது. கடைசியில் ‘ஆயில் லீக் வேலை, லேபர்’ என்று ஒரே வரியில் 14,500.

நான் பொதுப்பணித் துறையில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். மதிப்பீடு என்றால் எந்த இடம், என்ன வேலை, எத்தனை அளவு, என்ன விகிதம் என்று நான்கும் இருக்க வேண்டும். எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் அளவு ஏறாமல் ஒப்பந்ததாரருக்கு ஒரு ரூபாய் போகாது. ‘லம்ப்சம்’ என்று மொத்தமாக ஒரு தொகையைப் போட்டால் தணிக்கைக்காரர்கள் பேனாவை எடுத்துவிடுவார்கள். அந்தக் கண்ணோடு பார்த்ததால்தானோ என்னவோ, முக்கியமான ஒன்று அந்தத் தாளில் இல்லை என்பது உடனே தெரிந்தது. ஆயில் எங்கிருந்து ஒழுகுகிறது?

சர்வீஸ் அட்வைசரிடமே கேட்டேன். நல்ல பையன்தான், மரியாதையாகத்தான் பேசினான். “அடியில முழுக்க ஆயில் சார், எல்லாத்தையும் மாத்திட்டா தொல்லை விட்டுச்சு” என்றான். இன்ஜினைக் கழுவிப் பார்த்தீர்களா என்றேன். இல்லையாம்.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. ஆயில் ஒழுகுவது ஓரிடம், சொட்டுவது வேறிடம். டேப்பட் கவர் இன்ஜினின் தலையில் இருக்கிறது. அதன் ரப்பர் பேக்கிங் பல வருடச் சூட்டில் பிளாஸ்டிக் மாதிரி விறைத்துவிடும். அப்புறம் கியர் பாக்ஸ் பக்கத்து மூலையில் கசியும் ஆயில் இன்ஜின் முதுகு வழியே இறங்கி, இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்துக் கூடான பெல் ஹவுசிங்கின் அடியில் வந்து சொட்டும். கீழேயிருந்து டார்ச் அடித்துப் பார்ப்பவருக்குக் கிராங்க் பின்பக்க சீல் போய்விட்டது போலத்தான் தெரியும். அந்த சீல் சில நூறு ரூபாய்ப் பொருள். ஆனால் அதை எட்ட கியர் பாக்ஸையே இறக்க வேண்டும், லேபர் ஏறுவது அங்கேதான். இறக்கியது இறக்கினோம், கிளட்சையும் மாற்றிவிடலாம் என்று அடுத்த வரி முளைக்கும். கிளட்ச் நிஜமாகவே தேய்ந்திருந்தால் அது நியாயமான யோசனை. என் காரில் மேட்டில் ஏறும்போது கிளட்ச் வழுக்கியதே இல்லை.

இன்னொன்று பிசிவி வால்வு. இன்ஜினுக்குள் சேரும் வாயு வெளியேறும் வழி அது. கரி அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடி, பலவீனமான சீல் எதுவோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். அந்த வால்வைப் பார்க்காமல் சீலை மட்டும் மாற்றினால் கொஞ்ச நாளில் மறுபடி ஒழுகலாம். 41,300 ரூபாய் எஸ்டிமேட்டில் அதன் பெயரே இல்லை.

எங்கள் தெரு முனை ஷெட்டில் நேர் எதிர் வைத்தியம் சொன்னார்கள். கெட்டியான ஆயில் ஊற்றுங்கள், ஒழுக்கை நிறுத்த ஒரு மருந்து விற்கிறது, அதையும் ஊற்றி ஓட்டுங்கள் என்றார்கள். அந்த மருந்து ரப்பரை ஊற வைத்துத் தற்காலிகமாக அடைப்பதுதான். கம்பெனி சொன்ன கிரேடை விட்டுக் கெட்டி ஆயில் ஊற்றினால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் அது மேலே ஏறவே நேரமாகும். இதற்கும் மனம் ஒப்பவில்லை.

கடைசியில் அதே கம்பெனிக்குத் தஞ்சாவூரில் உள்ள வேறொரு டீலரிடம் போனேன். அங்கே முதலில் இன்ஜினைக் கழுவிக் காற்றடித்துக் காய வைத்தார்கள். இரண்டு நாள் ஓட்டிவிட்டு வரச் சொன்னார்கள். லிஃப்டில் ஏற்றியபோது, சுத்தமாக இருந்த இன்ஜினில் டேப்பட் கவர் மூலையிலிருந்து ஒரே ஒரு ஈரக்கோடு பெல் ஹவுசிங் வரை இறங்கியிருந்தது. ஆயில் பிரஷர் சுவிட்ச் அடியிலும் ஈரம். சம்ப் ஓரத்தில் லேசான வியர்வை. மெக்கானிக் அதை விரலால் தொட்டுக் காட்டி, “இது சொட்டலை சார், இப்ப வேணாம்” என்றார். பேக்கிங், பிசிவி வால்வு, சுவிட்ச், ஆயில், ஃபில்டர், கழுவிப் பார்த்த கூலி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 7,900 ரூபாய். மாற்றிய பேக்கிங்கைக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். அதை விரலால் வளைத்துப் பார்த்தேன், பட்டென்று ஒடிந்தது.

திருச்சிக்காரர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. பார்க்காமல் எழுதினார்கள், அவ்வளவுதான். அந்தச் செலவை என் தலையில் வைத்தார்கள் என்பதுதான் வருத்தம். காரைக் கொடுத்துவிட்டால் என்ன கிடைக்கும் என்று அங்கேயே விசாரித்தேன், 90,000 சொன்னார்கள். காரின் விலையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக எஸ்டிமேட் வந்தால் யாருக்கும் விற்றுவிடத்தான் தோன்றும். பக்கத்திலேயே புதுக் கார் ஷோரூம் வேறு.

எல்லா ஒழுக்கையும் ஆற அமரப் பார்க்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். சைலன்சர் குழாய் மேல் ஆயில் விழுந்து கருகிய வாடை வந்தாலோ, பெல்ட் நனைந்தாலோ, ரேடியேட்டர் கூலன்ட் குறைந்தாலோ தள்ளிப்போடக் கூடாது. ஆயில் விளக்கு எரிந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். என் காரில் மாதத்துக்குக் கால் லிட்டர்கூடக் குறையவில்லை, டிப்ஸ்டிக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டாவது கருத்துக் கேட்க எனக்கு நேரம் இருந்தது அதனால்தான்.

இந்திய போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது நினைவிருக்கலாம். உதிரி பாகங்களையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததுதான் குற்றச்சாட்டு. அபராதம் மேல்முறையீட்டுக்குப் போனது. மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது, அதில் வாகனங்களும் உண்டு. பாகங்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. எல்லாம் நல்லதுதான். ஆனால் தேவையில்லாத பாகத்தை வரி குறைத்து வாங்கி எனக்கு என்ன லாபம்?

பிஸ்கட் பொட்டலத்தில் எதை எதை அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒர்க்ஷாப் எஸ்டிமேட்டுக்கும் அரசு ஒரு படிவம் வகுக்கலாம். கழுவிப் பார்த்தார்களா, ஒழுகும் இடம் எது, அதன் புகைப்படம், லேபர் எத்தனை மணி நேரம், இப்போதே செய்ய வேண்டியது எது, தள்ளிப்போடக் கூடியது எது என்று ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். கழற்றிய பாகத்தை உரிமையாளரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்க ஓர் இடம். பரிசோதனைக்குத் தனிக் கட்டணம் வாங்கிக்கொள்ளட்டும், நான் தரத் தயார். போக்குவரத்துத் துறையும் நுகர்வோர் துறையும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் முடிகிற வேலை. அதுவரை, போனில் “ஓகேவா சார்?” என்று கேட்டால் உடனே சரி என்று சொல்லாமல், ஒழுகும் இடத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். பில்லில் தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைக் கணக்குப் பிரிவு ஊழியர்,
ஸ்ரீரங்கம், திருச்சி.