வகுப்பில் சாதியைச் சொல்லி எழுப்பாதீர்கள்: முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் மாவட்டத்தின் முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கு, வணக்கம்.

இதே விஷயமாக உங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே மனு கொடுத்திருக்கிறேன். ஒப்புகைச் சீட்டு பத்திரமாக இருக்கிறது, பதில்தான் வரவில்லை. அதனால் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அன்று பாடம் நடக்கும்போதே வகுப்பாசிரியர் ஒரு பட்டியலை எடுத்து, “எஸ்.சி. பிள்ளைங்க எல்லாம் எழுந்திருங்க” என்றிருக்கிறார். உதவித்தொகைக்கு வருவாய்ச் சான்றிதழ் யார் யார் தரவில்லை என்று பார்க்கத்தான். ஆறு பேர் எழுந்தார்கள். என் மகள் எழவில்லை. பட்டியலில் பெயர் இருக்கிறதே, “நீயும்தானேம்மா, ஏன் உட்கார்ந்திருக்க?” என்று பெயர் சொல்லிக் கேட்டார். எழுந்தாள்.

பக்கத்தில் உட்காரும் பெண்ணும் இவளும் ஜூன் மாதத்திலிருந்து டப்பாவை மாற்றி மாற்றிச் சாப்பிட்டவர்கள். மறுநாள் அந்தப் பெண், “எங்க வீட்ல திட்டுவாங்க” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வேறு பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினான்கு வயதுக் குழந்தை அது. என் மகள் இதை எங்களிடம் பதினைந்து நாள் சொல்லவில்லை. டப்பாவில் பாதிச் சோறு மிச்சமாகத் திரும்பி வந்தது. சமையல்தான் பிடிக்கவில்லையோ என்று அவள் அம்மா தினமும் வேறு வேறு குழம்பு வைத்துப் பார்த்தாள். அப்புறம் ஒரு ராத்திரி, “அந்தப் பணம் நமக்கு வேண்டாம்ப்பா, எழுதிக் கொடுத்துடலாம்” என்றாள்.

அந்தப் பணம் ஆண்டுக்கு 3,500 ரூபாய். ஒன்பது, பத்தாம் வகுப்பு படிக்கும், வீட்டிலிருந்து பள்ளிக்குப் போய்வரும் பட்டியலினப் பிள்ளைகளுக்கு, வீட்டு ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால், மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து தரும் உதவித்தொகை. அது அவள் உரிமை. அதை வாங்க அறுபது பேர் முன்னால் எழுந்து நிற்க வேண்டும் என்று எந்த விதியில் இருக்கிறது? பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. மாணவர்களின் சமூக விவரம் எல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கிறது. சான்றிதழ் தராதவர் யார் என்று அங்கேயே பார்த்து, பெற்றோருக்கு ஒரு போன் போட்டால் முடிகிற வேலை.

தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்தேன். “காலம் காலமா இப்படித்தான் நடக்குது. இத்தனை பிள்ளைங்களை ஒவ்வொருத்தரா கூப்பிட முடியுமா?” என்றார். முப்பது வருடத்துக்கு முன்னால் நானும் இப்படி எழுந்து நின்றவன்தான். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். என் மகளுக்கும் அதுவே நடக்கும்போது முடியவில்லை. அந்த வகுப்பாசிரியர் கெட்டவர் இல்லை. கைக்காசு போட்டுப் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கித் தருகிறவர். அவருக்கு இது தப்பென்று யாரும் சொல்லித் தரவில்லை. சொல்ல வேண்டியது உங்கள் வேலை.

உங்களுக்குத் தெரியாததை நான் எழுதவில்லை. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், சாதிக் கொடுமை பற்றிப் பள்ளியில் முறையிட்ட ஒரு பட்டியலின மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன் பிறகுதான் பள்ளிகளில் சாதி வேற்றுமையைத் தடுக்க வழி சொல்ல, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு வந்தது. 2024 ஜூனில் அறிக்கையும் கொடுத்தார். வகுப்புப் பதிவேட்டில் சாதி விவரமே இருக்கக் கூடாது, சாதியைக் குறிப்பிட்டு மாணவரை அழைக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. கையில் கட்டும் சாதிக் கயிறுகளைப் பற்றி 2019-லேயே சுற்றறிக்கை போனது. கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, அதே வகுப்பில் ஆசிரியரே சாதியைச் சொல்லி எழுப்பினால் பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்வார்கள்? 2025-ல் அரசு மாணவர் விடுதிகளுக்கெல்லாம் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பெயர்ப் பலகை வாசலில் இருக்கிறது. என் மகள் உட்கார்ந்திருப்பது உள்ளே, மூன்றாவது பெஞ்சில். ஒவ்வொரு கொடுமைக்கும் ஒரு குழு, ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் அறிக்கை என்று போய்க்கொண்டே இருந்தால், எங்கள் பிள்ளைகள் படித்து முடிப்பது எப்போது?

கோபத்தில் கொஞ்சம் தூரம் போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். வகுப்பில் சாதியைச் சொல்லி எந்தப் பிள்ளையையும் எழுப்பக் கூடாது. உதவித்தொகை விஷயத்தைத் தலைமையாசிரியர் அறையில் தனியாகவோ பெற்றோரிடமோ பேசட்டும். இதை எழுத்து மூலமாக, மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும், அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி என்று பார்க்காமல் அனுப்புங்கள். அனுப்பியதோடு விடாமல், ஆய்வுக்குப் போகும்போது பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

என் மகளின் விண்ணப்பத்தை நாங்கள் திரும்பப் பெறவில்லை. வருவாய்ச் சான்றிதழை நானே கொண்டுபோய் அலுவலக அறையில் கொடுத்துவிட்டேன். பத்தாம் வகுப்புக்கு மறுபடியும் பட்டியல் வரும். அதற்குள் உங்கள் உத்தரவு வந்துவிட வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா