வரலாற்று வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

இந்த ஆண்டு முழுக்க ஒரே மனிதரைத்தான் படித்தோம்: பலூச்சிஸ்தானத்தின் கலாத் நாட்டை ஆண்ட மீர் மெஹ்ராப் கான். மழையால் இரண்டு கூட்டங்கள் நடக்கவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் படித்ததைச் சொல்கிறேன்.

தொடக்கத்தில் நம்மில் பலர் கானைச் சொன்ன சொல் தவறியவர் என்றே நினைத்திருந்தோம். ஆங்கிலேயர் அவர்மேல் போட்ட பழி அது. 1839-ல், ஆட்சியை இழந்திருந்த ஆப்கான் மன்னர் ஷா ஷுஜாவை மீண்டும் காபூல் அரியணையில் ஏற்றப் புறப்பட்ட அவர்களுடைய படை போலன் கணவாயில் கொள்ளைக்கு ஆளானது, பசியில் வாடியது. கான் தானியம் தராமல் வஞ்சித்தார் என்றார்கள். ஆனால் அந்த ஆண்டு கலாத்திலேயே பஞ்சம். மக்கள் புல்பூண்டு பறித்துத் தின்றதை, கானிடம் உடன்படிக்கை பேசப் போன ஆங்கிலேயத் தூதர் அலெக்சாண்டர் பர்ன்ஸே எழுதியிருக்கிறார். இல்லாத தானியத்தை எங்கிருந்து கொடுப்பது?

ஆங்கிலேயர் கானுக்கு ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் தருவது என்று பேசி முடித்த உடன்படிக்கைப் பத்திரம் வழியிலேயே பறிபோனது. அதற்கும் கான்மேல்தான் பழி. அவருடைய அமைச்சர் முல்லா முகமது ஹசன் இரண்டு பக்கமும் ஆடிய ஆட்டம், கலாத் ஆங்கிலேயரிடம் விழுந்த பிறகு அங்கே அகப்பட்ட கடிதங்களால்தான் வெளியே வந்தது. காலம் கடந்து வந்த உண்மை. இதைப் படித்த நாளில் நம்மில் யாரும் சீக்கிரம் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

எனக்கு ஆறாத இடம் இன்னொன்று. 1834-ல் காந்தகாரில் தோற்று ஓடிவந்த இதே ஷா ஷுஜாவுக்குக் கலாத்தில் அடைக்கலம் கொடுத்தவர் மெஹ்ராப் கான். துரத்தி வந்தவர்களிடம் அவரை ஒப்படைக்க மறுத்தவர். அப்புறம் ஆங்கிலேயர் கலாத்திடமிருந்து பறித்த குவெட்டா, மஸ்துங், கச்சிப் பகுதிகள் அந்த ஷா ஷுஜாவின் ஆட்சியில்தான் சேர்க்கப்பட்டன.

நவம்பர் 13 கூட்டத்துக்கு நாம் பேசி வைத்திருந்த மண்டபத்தை அன்று காலையில் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மனம் வெறுத்துப்போனது. சரி, தேதியை மாற்றக் கூடாது என்று உறுப்பினர் ஒருவர் தன் வீட்டு மொட்டை மாடியைத் தந்தார், அவருக்கு நன்றி. 1839-ல் கலாத் விழுந்த நாள் அது. ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய வழியில் தளபதி வில்ஷயர் அங்கே படையைத் திருப்பினார். நகருக்கு வெளியே இருந்த குன்றுகள் முதலில் கலாத்தின் கைவிட்டுப் போயின. பீரங்கியால் கோட்டை வாசலை உடைத்தார்கள். தெருத்தெருவாக, பிறகு மீரி என்ற உள்கோட்டையில் அறை அறையாகச் சண்டை நடந்தது. கான் கையில் வாளோடு அங்கேயே விழுந்தார். பலூச் மக்கள் இன்று அந்த நாளைத் தியாகிகள் தினமாக நினைவுகூர்கிறார்கள்.

படையை ஆப்கானிஸ்தானுக்குள் கொண்டுவந்துவிட்டீர்கள், எப்படி வெளியே கொண்டுபோவீர்கள் என்று கான் பர்ன்ஸிடம் கேட்டதாகச் சொல்வார்கள். 1841 நவம்பரில் பர்ன்ஸ் காபூலில் கொல்லப்பட்டார். 1842 ஜனவரியில் அங்கிருந்து பின்வாங்கிய படை ஏறக்குறைய முழுவதும் மலைப்பாதையில் அழிந்தது.

1840-ல் கானின் மகன் கலாத்தை மீட்டார். மறு ஆண்டே ஆங்கிலேயர் அவரை இரண்டாம் நசீர் கானாக ஏற்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு அவரைப் படிக்கலாம் என்று செயற்குழு கருதுகிறது. பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

செயலாளர்