பதினெட்டு வயதோடு என் மகளின் சிகிச்சை முடியவில்லை

மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

பிறவி இதயக் குறை உள்ள குழந்தைகளுக்கு அரசு செலவில் அறுவை சிகிச்சை நடப்பது நான் சொல்லித் தங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. என் மகளும் அப்படிப் பிழைத்தவள்தான். அவளுக்கு டி.ஓ.எஃப். (டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ) என்ற பிறவி இதயக் குறை. நாலு எட்டு நடந்தால் உதடு நீலம் பாரித்துக் குந்தி உட்கார்ந்துவிடுவாள். 2010-இல், நாலு வயதில் ஆபரேஷன் ஆனது. அதற்குப் பிறகு அவள் நகம் முதல்முறையாகச் சிவந்திருந்ததை இன்றும் நினைத்துக்கொள்வேன். அந்த நன்றி எப்போதும் உண்டு.

போன மாதம், வழக்கமாகக் காட்டும் குழந்தைகள் பிரிவில், "பதினெட்டு முடிஞ்சிருச்சும்மா, இனிமே பெரியவங்க ஓபிக்குப் போங்க" என்றார்கள். சரி என்று போனோம். மாரடைப்பு வந்த பெரியவர்களுக்கு நடுவே மூன்று மணி நேரம். உள்ளே சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா என்றுதான் கேட்டார்கள். இத்தனை வருடம் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த டிஸ்சார்ஜ் சம்மரியை நீட்டினேன். மடிப்பில் எழுத்தே அழிந்திருந்தது. "ஆபரேஷன்தான் முடிஞ்சிருச்சே, அப்புறம் என்ன?" எக்கோ என்கிற இதய ஸ்கேன்கூட எழுதித் தரவில்லை.

அப்புறம் என்ன என்பது தங்களுக்குத் தெரியும். இந்தக் குறையை இதயத்தைத் திறந்து சரிசெய்வது 1954-இல் அமெரிக்காவில் தொடங்கியது. அப்படிப் பிழைத்தவர்களை விடாமல் பார்த்துவந்ததால்தான், பின்னாளில் நுரையீரல் வால்வு கசியும், இதயத்தின் வலது கீழறை பெரிதாகும், துடிப்பு தாறுமாறாகும், பலருக்கு வால்வு மாற்ற வேண்டிவரும் என்பதெல்லாம் தெரியவந்தது. கசிவு பல வருடம் வெளியே தெரியாது. மூச்சு வாங்கும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடலாம்.

குழந்தைகளைப் பரிசோதித்துச் சிகிச்சைக்கு அனுப்பும் மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டமும் 18 வயதோடு நிற்கிறது. பதினெட்டு ஆனால் வால்வு கசியாதா?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் வாரம் ஒரு நாளாவது, பிறவி இதயக் குறையோடு வளர்ந்து பெரியவர்களானவர்களுக்கென்று தனி ஓபி வேண்டும். குழந்தைகள் பிரிவே ஃபைலை அங்கே ஒப்படைக்க வேண்டும்.

வீட்டில் கல்யாணப் பேச்சு வருகிறது. இவள் பிள்ளை பெறலாமா என்று இதய டாக்டரைக் கேட்டால் மகப்பேறு டாக்டரிடம் போகச் சொல்கிறார். அவரோ இவரைக் கை காட்டுகிறார். நாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வருகிறவர்களை இப்படியா அலைய விடுவது? உயிரைக் காப்பாற்றிவிட்டு நடுத்தெருவில் விடலாமா?

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். கேட்பது ஒன்றுதான். வாரம் ஒரு நாள், ஒரு ஓபி. அது வரும்வரை, என் மகளுக்கு அடுத்த எக்கோவை எங்கே எடுப்பது என்றாவது தயவுசெய்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்