துவைத்த ஜெர்சியும் ஏன் நாறுகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

விளையாட்டு உடைகளைச் சலவைக்குக் கொண்டுவரும் பெற்றோர் எல்லோரும் சொல்லும் புகார் ஒன்றுதான்: மடித்து வைக்கும்போது வாசனையாக இருக்கிறது, பையன் பத்து நிமிடம் ஓடினால் பழைய புளித்த வாடை வந்துவிடுகிறது. அதற்காகப் பவுடரை அள்ளிப் போடுகிறார்கள், ஃபேப்ரிக் கண்டிஷனரைத் தாராளமாக ஊற்றுகிறார்கள். வாடை போகாமல் இருப்பதற்கு அதுவே பாதிக் காரணம்.

ஜெர்சிகளில் இருக்கும் பாலியஸ்டர் இழை தண்ணீரை அதிகம் உறிஞ்சாது. ஆனால் உடம்பின் எண்ணெய்ப் பிசுக்கை விடாமல் பிடித்துக்கொள்ளும். வாடை அந்தப் பிசுக்கில்தான் தங்குகிறது, கிருமிகளும் அங்கேதான் பெருகுகின்றன. கண்டிஷனர் அதன்மேல் இன்னொரு படலம் போட்டு மூடிவிடும். காய்ந்த ஜெர்சியின் அக்குள் பகுதியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பரவாமல் முத்துப்போல் நின்றால் படலம் படிந்திருக்கலாம். கடினத்தன்மை உள்ள போர் தண்ணீரில் கட்டி சோப்பு போட்டுத் தேய்ப்பதும் இதே கதைதான். சோப்பு திரிந்து வெள்ளைப் பிசுக்காக இழைக்குள் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு வாளியில் 8 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், சுமார் 40 டிகிரி, எடுத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீர் என்றால் முதலில் ஒரு மேசைக்கரண்டி சலவை சோடாவைக் கரைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். மென்மையான சிறுவாணி ஆற்றுத் தண்ணீருக்கு அது தேவையில்லை. பிறகு என்சைம் (அழுக்கைச் சிதைக்கும் நொதி) உள்ள டிடர்ஜென்ட் திரவம் இரண்டு மேசைக்கரண்டி. ஜெர்சியை உள்புறம் வெளியே வரும்படி திருப்பி ஒரு மணி நேரம் ஊறவைத்து, அக்குளையும் கழுத்துப் பட்டியையும் கையால் கசக்கி, நுரை வருவது நிற்கும்வரை அலசுங்கள். கொதிக்கும் தண்ணீர் கூடாது: என்சைம் செத்துவிடும், லைக்ரா என்ற இழுபடும் இழை தளர்ந்துபோகும்.

அப்படியும் போகாவிட்டால் ஆக்சிஜன் பிளீச், அதாவது சோடியம் பெர்கார்பனேட், 5 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி. ஒரு மணி நேரம் போதும். சாயம் போகிறதா என்று உள்தையலில் முதலில் பார்த்துவிடுங்கள். கரைத்த நீரை மூடிய பாட்டிலில் வைக்காதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கும். பிளீச்சிங் பவுடர் பக்கமே போக வேண்டாம். லைக்ராவை அரித்துவிடும், அதோடு வினிகரையும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சுக்கு ஆபத்து.

மெஷினில் போடுவோர் டிரம்மை அடைக்காமல் மூன்றில் இரண்டு பங்கோடு நிறுத்த வேண்டும். ஃப்ரன்ட் லோடு என்றால் கதவு ரப்பரின் மடிப்பையும் விரலால் விலக்கிப் பாருங்கள். அங்கே கருப்புப் பூஞ்சை இருந்தால் எந்த ஜெர்சியும் மணக்காது. ஈர உடையை இரவு முழுக்கப் பைக்குள் சுருட்டி வைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

திருப்பூர் ஜெர்சி உற்பத்தியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். கழுத்து லேபிளில் சின்னச் சின்னப் படங்களோடு விட்டுவிடாமல், 'கண்டிஷனர் போடாதீர்கள், திருப்பிப் போட்டுத் துவையுங்கள்' என்று தமிழிலும் அச்சடிக்கலாமே.

இப்படிக்கு,
சலவையகம் நடத்துவோர், கோவை