வாங்குகிறவர் உட்காரும் நாற்காலி

அன்புள்ள பிலாத்து,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. பதில் போடாததற்கு நீ திட்டியது நியாயம்தான். மகளுக்கு வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். மூட்டுவலிக்கு டாக்டர் சொன்னதைச் செய், எனக்கு எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சபையின் உதவி நிதியிலிருந்து பணம் கேட்டு ஒருவர் வந்தார். யார் என்று எழுதமாட்டேன். இரண்டாவது தடவையாகக் கேட்கிறார். கமிட்டி கொடுத்தது. ஆனால் கொடுக்கும் முன் அவரை நடுவில் உட்காரவைத்து ஆளாளுக்குக் கேள்வி. போன தடவை வாங்கியது என்ன ஆயிற்று, பையன் ஏன் வேலைக்குப் போகவில்லை, இந்த போன் எப்படி வந்தது. கமிட்டியில் இருக்கும் நம் வக்கீல் சும்மா இருப்பாரா? வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைச் சபைக்கு ஒழுங்காகக் கொடுக்கிறீரா என்று அவர் பங்குக்கு ஒன்று. "இதெல்லாம் தேவையா?" என்று நான் கேட்டது யார் காதிலும் விழவில்லை. மனிதர் கையெழுத்துப் போட்டார், வாங்கினார், போய்விட்டார். அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு வரவில்லை. உடனே ஒருவர், "நன்றி இருக்கிறதா பாருங்கள்" என்கிறார்!

நாம் சிறுவயதில் மனப்பாடம் செய்த யாக்கோபு 1:5 அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தேவன் யாவருக்கும் சம்பூரணமாய்க் கொடுக்கிறவர், ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர். முதல் பாதியை வைத்துக் காணிக்கைக்கு முன் எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம்! இரண்டாம் பாதிக்கு ஒன்றுகூடக் கேட்ட ஞாபகம் இல்லை. லூக்கா 17-இல் குஷ்டரோகிகள் பத்துப் பேர் சுத்தமானார்கள், திரும்பி வந்தவன் ஒருவன். "மற்ற ஒன்பது பேர் எங்கே?" என்று இயேசு கேட்டார், வருத்தம் இருந்திருக்கும். ஆனால் அந்த ஒன்பது பேரின் சுகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டதாக ஒரு வரி கிடையாது.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று பவுல் எழுதவில்லையா என்பாய். எழுதினார், 2 தெசலோனிக்கேயர் 3:10. அது மனமில்லாதவனுக்கு. மூன்று வசனம் தள்ளிப் படி: நன்மை செய்வதில் சோர்ந்துபோகாதிருங்கள் என்றும் அவர்தான் எழுதுகிறார். நம் ஆட்கள் ஏனோ பத்தாம் வசனத்தோடு வேதாகமத்தை மூடிவிடுகிறார்கள்.

அந்த வாரம் முழுக்க 2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகப் பவுல் சேர்த்த பணத்தைப் பற்றியவை. ஏழ்மையிலும் அள்ளிக்கொடுத்த மக்கெதோனியரைப் புகழ்கிறார். கட்டாயமாக அல்ல, உற்சாகமாகக் கொடுங்கள் என்கிறார். எருசலேமில் இருப்பவர்கள் இதற்குத் தகுதியானவர்களா என்று இரண்டு அதிகாரத்திலும் ஒரு கேள்வி இல்லை. கண்டிப்பே இல்லையா என்றால், இருக்கிறது. பணத்தைக் கொண்டுபோகிற தங்களை யாரும் குறை சொல்லக்கூடாது என்று தன் உடன் ஊழியன் தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரரை அனுப்புகிறார். கண்டிப்பு முழுவதும் பணத்தைக் கையாளுகிறவர்கள் மேல். நம் கமிட்டியோ, வரவுசெலவை எப்போது வாசிப்பீர்கள் என்று கேட்டாலே முகம் சுளிக்கிறது.

அதே இடத்தில்தான் அந்த வசனமும் வருகிறது, இயேசு ஐசுவரியமுள்ளவராயிருந்தும் நமக்காகத் தரித்திரரானார் என்பது. கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டையில் படித்துவிட்டுத் தாண்டிப்போவோம். யோசித்துப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது. அவர் மேலே நின்று நீட்டவில்லை, வாங்குகிறவர் பக்கத்துக்கே வந்துவிட்டார். சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். சில பெண்கள் தங்கள் ஆஸ்தியால் அவருக்கு ஊழியம் செய்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார். எருசலேமுக்குள் அவர் ஏறிவந்த கழுதைக்குட்டி இன்னொருவருடையது, அவரை வைத்த கல்லறையும் அரிமத்தியா யோசேப்பினுடையது. அன்று கேள்வி கேட்டவர்களில் ஒருவராவது அந்த நடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாரா? நானும் உட்கார்ந்ததில்லை.

விசாரிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஏமாற்றுகிறவர்களும் உண்டு, நமக்கு அது தெரியாதா? ஆனால் ஒருவர் மட்டும், தனியாக, முன்னதாகவே பேசித் தெரிந்துகொண்டால் போதும். கொடுக்கிற நேரத்தில் கொடுப்பதை மட்டும் செய்யலாம். இதை எழுதி அடுத்த கூட்டத்தில் வைக்கப்போகிறேன். உங்கள் சபையில் எப்படிச் செய்கிறீர்கள் என்று விவரமாக எழுது, வக்கீலுக்குப் பதில் சொல்ல எனக்கு ஆதாரம் வேண்டும். கூட்டத்துக்கு முன்பே வந்து சேரட்டும், அப்புறம் வந்து புண்ணியமில்லை.

உன்,
தோமா